கங்காணிக்கு வைத்த மீன்

ஓட்டோ கிடைத்துவிட்ட அவசரத்தில் அன்று காலை நான் பூனைக் கூட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம். முதல்நாள் பேசிவைத்த ஓட்டோக்காரர் கைபேசியை எடுக்கவில்லை. ஆறு மணிக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்துறைமுக வீதியால் நடந்துபோய், எண்ணெய் வரிசையில் ஆளைக் கண்டுபிடித்தேன். அவருக்கு முன்னால் பதினேழு வண்டிகள். விட்டுவிட்டு வந்தால் மனுசன் வேறு சவாரிக்குப் போய்விடுவார் என்று பயந்து, பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சந்தியில், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் இரண்டு குப்பைக் கூடையைக் கவிழ்த்து, மட்டைப் பெட்டி ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தின்றுகொண்டிருந்தன. "இதுகளுக்குத்தான் இப்ப நல்ல காலம்" என்றார் ஓட்டோக்காரர்.

எட்டு மணிக்கு வீடு வந்தோம். பின் விறாந்தையில் நான் வழமையாக உட்காரும் மர வாங்கின்மேல் கூடு இருந்தது. அதன்மேல் பழைய படுக்கை விரிப்பு. நான் போகும்போது ஊரைக் கூட்டிக் கத்திக்கொண்டிருந்த பூனை இப்போது சத்தமே இல்லாமல் இருந்தது. களைத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். பசித்த பூனை அப்படி லேசில் வாயை மூடாது. அது எனக்குத் தெரியாத விசயமும் இல்லை. விரிப்போடு கூட்டைத் தூக்கி ஓட்டோவில் வைத்தேன்.

மிருக வைத்தியர் மாதத்தில் ஒருநாள்தான் பூனை நாய்களுக்குக் கருத்தடை செய்வார். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த மாதம். அதற்குள் பூனை வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கும்.

"காலையில ஏதும் குடுத்தனீங்களோ, அம்மா?" என்று கேட்டார்.

"ஒண்டும் குடுக்கேல்ல, டொக்டர். நேற்று இரவு எட்டு மணியோட எல்லாம் நிப்பாட்டியாச்சு."

"வடிவாத் தெரியுமோ? வயித்தில ஏதும் இருந்தா மயக்க மருந்து குடுக்க ஏலாது."

"வடிவாத் தெரியும்."

முப்பத்தொரு வருடம் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் தட்டச்சுச் செய்தவள் நான். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் முழுத் தாளையும் கிழித்துப்போட்டுத் திரும்ப அடிப்பேன். என்னிடம் ஒருவர் 'வடிவாத் தெரியுமோ' என்று கேட்பதே எனக்குப் பிடிக்காது.

அரை மணித்தியாலத்தில் அவரே வெளியே வந்தார். கையுறையைக் கழற்றியிருந்தார்.

"மயக்கம் ஏற ஏறச் சத்தி எடுத்திட்டுது. மீன். இண்டைக்குக் காலையில சாப்பிட்ட மீன். கொஞ்சம் மூச்சுக்குழாயால நெஞ்சுக்குள்ள போயிட்டுது. ஒப்பரேசனைச் செய்யேல்ல."

"அப்பிடி இருக்க ஏலாது" என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. ஊசி மருந்துகளின் பெயரை எழுதித் தந்தார்.

நசீரா கேட்ட அத்தியாயம்

இதையெல்லாம் இத்தனை நாள் எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். இப்போது எழுதச் சொல்லி நச்சரிப்பவர் என் பக்கத்து வீட்டு நசீரா.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். பின்பக்கம் ஓரிடத்தில் மேல்வரிசைக் கற்கள் விழுந்து பள்ளமாக இருக்கும். யாரும் திருத்தவில்லை, அதற்குள்ளால்தான் எங்கள் கொடுக்கல் வாங்கல். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படலைக் கதவும் உண்டு. நசீரா கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர். கணவருக்குச் சந்தையில் கருவாட்டுக் கடை. அவர் மௌத்தாகி, மகன் கட்டாருக்குப் போன பிறகு அந்த வீட்டில் அவர் தனி. இந்த வீட்டில் கலியாணம் கட்டாத நான் தனி.

அவருக்குச் சீனி வருத்தம் கண்ணில் இறங்கிவிட்டது. தலையங்கம் தெரியும், சின்ன எழுத்துத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கிழமையும் இந்தப் பத்திரிகை வந்ததும் நான்தான் மதிலடியில் கதிரையைப் போட்டு, பூனைகளைப் பற்றிய என் தொடரை அவருக்கு வாசித்துக் காட்டுவது. என்னுடைய வாசகர்களில் முகம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

போன கிழமை வாசித்து முடித்ததும் சொன்னார்: "கமலாக்கா, ஒங்கட கங்காணியப் பத்தி இன்னும் நீங்க ஒண்டும் எழுதல்லயே. எழுதுங்களேன். நெத்தில வெள்ளப் பொட்டு இரிக்கி, வால் நுனி வளைஞ்சிரிக்கி எண்டும் போடுங்க. பேப்பர்ல பாத்திட்டு ஆராச்சும் கண்டவங்க சொல்லுவாங்க."

கங்காணி என்ற அந்தப் பூனை காணாமல் போகவில்லை. அது செத்து நான்கு வருடம் ஆகிறது. செத்தது நசீராவுக்குத் தெரியாது. ஏன் செத்தது என்பதும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான். இப்போது எழுத உட்கார்ந்தால் பொய்யை அச்சில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் என்னோடு கதைக்கிற ஒரே மனுசியை இழக்கத் துணிய வேண்டும்.

முதல் சொல்

பூனை வளர்க்கும் ஆசை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஓய்வுபெற்ற புதிதில் வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பதே என் முழுநேர வேலையாக இருந்தது.

கொரோனா ஊரடங்கு வந்து மீன் சந்தையை மூடினார்கள். வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை. மனிதருக்கு அரிசி பருப்புக் கொண்டுவந்து கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். சந்தையில் மீன் தலையும் குடலும் தின்று வளர்ந்த பூனைகளைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. அவை ஒவ்வொன்றாக ஒழுங்கைகளுக்குள் ஏறி வரத் தொடங்கின. விலா எலும்பை எண்ணலாம்.

அந்த நாட்களில் ஒரு காலை, குசினி வாசலில் ஒன்று நின்றது. சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. "போ" என்றேன். என் குரல் எனக்கே விளங்கவில்லை. கரகரத்துப்போய் பாதியில் நின்றது. எண்ணிப் பார்த்தால், நான் வாய் திறந்து ஒன்பது நாளாகியிருந்தது. நோர்வேயில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பான். அந்த ஞாயிறு அவனும் எடுக்கவில்லை. நசீராவோடு அப்போது எனக்குப் பேச்சுப் பழக்கம் இல்லை.

நான் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பூனை நான் அழுவதை மதிலில் ஏறி இருந்து பார்த்தது. வேலையாட்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று மேற்பார்வை பார்க்கிற மாதிரியான இருப்பு. அன்றைக்கு வைத்த பெயர்தான் கங்காணி. பெட்டைப் பூனைக்கு இப்படியும் ஒரு பெயரா என்று நசீரா பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

அகப்பையின் நீளம்

காட்டுப் பூனையாக வளர்ந்ததைப் பழக்குவது எப்படி என்று என்னைச் சிலர் கடிதம் எழுதிக் கேட்கிறார்கள். வித்தை ஒன்றும் இல்லை. அதைப் பார்க்கக் கூடாது. முகத்துக்கு நேரே பார்த்தால் சண்டைக்கு வருகிறோம் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நான் முதுகைக் காட்டியபடி பழைய பத்திரிகைகளைச் சத்தமாக வாசிப்பேன். மரண அறிவித்தல்கூட விடமாட்டேன். குரல் பழக வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாட்டை நீளமான சிரட்டை அகப்பையில் வைத்துப் பின்னால் நீட்டுவேன். கங்காணி முதல் மாதம் அகப்பைக்கு அடித்தது. இரண்டாம் மாதம் நான் எழுந்து போன பிறகு வந்து சாப்பிட்டது. அதற்குப் பிறகு நான் இருக்கும்போதே. ஒவ்வொரு கிழமையும் அகப்பைக் காம்பை ஒரு விரலளவு உள்ளே பிடித்துக்கொண்டு வந்தேன். எட்டாவது மாதத்தில் சிரட்டை என் கைக்குள்ளேயே இருந்தது. அதன் நாக்கு என் பெருவிரலில் பட்டது. அரத்தைப் போலச் சொரசொரப்பு.

அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தை எழுதினால் வயது போன காலத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்பீர்கள். வேலையில் பதவி உயர்வு வந்த அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

பிறகு ஒருநாள் நான் வாசித்துக்கொண்டிருக்க, அது வந்து என் செருப்பின்மேல் நாடியை வைத்துப் படுத்தது. ஒன்றரை மணித்தியாலம் காலை அசைக்காமல் இருந்தேன். குசினியில் சோறு அடிப்பிடித்து மணந்தது. எழும்பவில்லை.

இதற்கிடையில் அது இரண்டு முறை குட்டி போட்டது. முதல் முறை நான்கு, அடுத்த முறை ஐந்து. அந்த ஒன்பதில் இரண்டுதான் பிழைத்தன. ஒன்றை வீதியில் வாகனம் அடித்தது. மற்றவற்றை என்ன பிடித்தது என்று தெரியாது. கங்காணி இரண்டு நாள் ஒவ்வொரு பற்றையாகப் போய்க் கூப்பிட்டுத் திரிந்தது. அப்போதுதான் கருத்தடை செய்விப்பது என்று முடிவெடுத்தேன்.

பூனைக்குப் போன கண்ணாடி

அன்பு இலவசம், மீன் இலவசம் இல்லை.

சந்தை திறந்த பிறகு கழிவு மீன் வாங்கப் போனேன். சும்மா வீசுகிறதை ஒருத்தி பை கொண்டுவந்து கேட்டதும் அதற்கும் விலை வந்துவிட்டது. பிறகு சூடை மீன் மலிகிற நாளில் மொத்தமாக வாங்கி, குறுணல் அரிசியோடு அவித்து, பிசைந்து, உருண்டை பிடித்து ஐஸ்பெட்டியில் வைக்கப் பழகினேன். மின்வெட்டு வந்ததும் அந்த உருண்டைகள் எல்லாம் நாறிப்போயின. ஒழுங்கையே மூக்கைப் பொத்தியது. அதற்குப் பிறகு கருவாடு. ஊறவைத்து, மூன்று தண்ணீர் மாற்றி உப்பைப் போக்கிவிட்டுத்தான் கொடுக்கலாம். அந்த முறையைச் சொல்லித் தந்தவர் நசீரா.

வைத்தியச் செலவுதான் ஆளை விழுத்துவது. ஓய்வூதியம் வந்த அன்றே ஒரு பங்கை எடுத்துப் பழைய தகரப் பால்மா ரின்னுக்குள் போட்டுவிடுவேன். போட்டால் எடுப்பதில்லை. அந்த வருடம் நான் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. பழைய கண்ணாடியின் காலை நூலால் கட்டிக்கொண்டேன். காலையில் பாண் வாங்குவதை நிறுத்தினேன். எனக்கு இதெல்லாம் தியாகமாகத் தெரியவில்லை. யாருக்காகவாவது ஒன்றைக் குறைத்துக்கொள்வது எனக்குப் புதிய பழக்கம், அதில் ஒரு சுகம் இருந்தது.

தம்பி மட்டும் சொன்னான்: "அக்கா, உங்களுக்கு மருந்துக்கு எண்டுதான் நான் காசு அனுப்புறனான். பூனைக்கு இல்லை." அதற்குப் பிறகு பூனைகளைப் பற்றி அவனோடு நான் கதைப்பதில்லை. ஞாயிறுகளில் மழை பெய்ததா, வெயிலா என்பதோடு முடித்துக்கொள்வோம்.

கருத்தடைக்குக் காசு சேர ஏழு மாதம் எடுத்தது. கூடு வாங்கவில்லை. சந்தையில் வீசிக் கிடந்த பிளாஸ்டிக் மீன் பெட்டிகள் இரண்டைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டி, சைக்கிள் பிரேக் வயரில் கதவு பூட்டினேன். கங்காணி என்னை நம்பித்தான் அதற்குள் போனது. நான் கையால் காட்டிய இடத்துக்குப் போய் இருந்தது. கதவு விழுந்த சத்தத்தில் திரும்பி என்னைப் பார்த்தது.

வாங்கின் கீழே

அன்று பூனையோடு திரும்பி வந்து, அதை என் அறையில் படுக்கவைத்துவிட்டுப் பின் விறாந்தைக்கு வந்தேன். வாங்கின் கீழே ஒரு பீரிசு இருந்தது. தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கிற சின்னத் தட்டு. ஓரத்தில் நீலக் கொடி. அதில் மீன் முள் இரண்டு ஒட்டியிருந்தது. மதில் பள்ளத்துக்குள்ளால் வரும் அந்த நீலக் கொடிக் கோப்பைகளில் எத்தனையோ முறை தேநீர் குடித்திருக்கிறேன்.

அப்போது நோன்பு காலம். பின்னேரம் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வழமைபோல நசீரா மதில் பள்ளத்துக்குள்ளால் கஞ்சிப் பாத்திரத்தை நீட்டினார்.

"என்னக்கா, ஒப்பரேசன் முடிஞ்சிட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். முகமெல்லாம் சந்தோசம்.

"காலைல நீங்க போன பொறகு அது கத்தின கத்து! எனக்கு இருப்புக் கொள்ளல்ல. நானும் நோன்போட இரிக்கன், எனக்குப் பசி தெரியாதா? பூனைய அடைச்சு வச்சுப் பட்டினி போட்ட பொம்புளை நரகத்துக்குப் போன எண்டு சின்னப் புள்ளைல ஓதிக் குடுத்திரிக்காங்க. கமலாக்கா அவசரத்தில மறந்திட்டா, அந்தப் பாவம் அவவுக்குச் சேரப்படாது எண்டு ரெண்டு துண்டு மீன் வச்சன். அப்பிடியே அடங்கிட்டு."

பாவம் எனக்குச் சேரக்கூடாது என்று வைத்த மீன்.

பட்டினி போடுவதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான் என்று அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. மதிலடியில் அவ்வளவு கதைக்கிறோம், இதை மட்டும் சொல்லவில்லை. என் அலுவலை நானே பார்த்துப் பழகியவள். யாரிடமும் ஒரு உதவி கேட்டால் அதற்குப் பதில் உதவி செய்ய வேண்டி வருமே என்று வாழ்நாள் முழுவதும் ஒதுங்கி இருந்தவள். 'நசீரா, எட்டு மணிவரைக்கும் இதை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ, ஒண்டும் குடுக்காதேங்கோ' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் படலையைச் சாத்திக்கொண்டு போனேன்.

"முடிஞ்சுது. ரெண்டு மூண்டு நாள் அங்கயே வைச்சிருக்கினம்" என்றேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவர் அவசரமாக உள்ளே போனார். கஞ்சிப் பாத்திரம் என் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

மூன்று நாள்

அறைக்குள் கங்காணி ஒவ்வொரு மூச்சையும் இழுத்து எடுத்தது. கழுத்தை முன்னால் நீட்டி, வாயைத் திறந்து. அது வாயைத் திறந்து மூச்சு விடுவதை அதற்கு முன்பு நான் கண்டதில்லை. காலையும் மாலையும் ஊசி போட ஓட்டோவில் கொண்டுபோனேன். பால்மா ரின் காலியானது. காதிலிருந்த சிவப்புக்கல்லுத் தோட்டைக் கழற்றி விற்றேன்.

நசீராவுக்குத் தெரியக்கூடாது என்று முன்வாசலால் போய் முன்வாசலால் வந்தேன். யன்னலைச் சாத்தி வைத்தேன். அந்த வெக்கையில் நானும் அதுவும். பின்னேரங்களில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து "கமலாக்கா, கஞ்சி" என்ற குரல் வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு போவேன். வாங்குவேன். தலைவலி என்பேன். கஞ்சியைக் குடிக்க மனம் வரவில்லை. ஊற்றவும் மனம் வரவில்லை. குசினியில் மூடி வைத்தது புளித்துப்போனது.

கோபம் இருந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. இந்த மனுசிக்கு எல்லாவற்றுக்குள்ளும் கையை விட வேண்டுமா என்று பல்லைக் கடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய சந்தோச முகம் நினைவுக்கு வரும். சொன்னால் அந்த முகம் என்னவாகும் என்று நினைப்பேன். பாவத்துக்குப் பயந்து செய்த காரியமே கொன்றுவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதுவும் நோன்பு மாதத்தில்.

இரக்கத்தால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு அதை முழுதாக நம்ப முடியவில்லை. சொன்னால் அவர் அழுவார், படலையைத் திறந்துகொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருவார். என் துக்கத்துக்குள் இன்னொரு ஆள் வருவதை நான் விரும்பவில்லை. எட்டு மாதம் முதுகைக் காட்டிச் சம்பாதித்த பூனை அது. அதன் சாவும் எனக்கு மட்டும்தான் என்று வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம், நான் தண்ணீர் எடுக்கப் போய் வருவதற்குள் அது அடங்கிவிட்டது. முன்பக்கத்து எலுமிச்சை மரத்தடியில் நானே குழி வெட்டினேன். நிலம் இறுகிப்போய்க் கிடந்தது. ஒரு முழம் தோண்ட ஒரு மணித்தியாலம் எடுத்தது.

அன்று பின்னேரம் நசீரா கேட்டார்: "கங்காணி எங்க? இண்டைக்குக் கொண்டு வாற எண்டீங்களே?"

"கொண்டு வரேக்க இறங்குதுறையடியில ஓட்டோவால பாஞ்சு ஓடிட்டுது" என்றேன்.

"அல்லாஹ்! தேடல்லயா?"

"தேடினனான். கிடைக்கேல்ல."

"வரும்" என்றார். "சோறு வச்ச கைய அது மறக்காது. நீங்க அழாதீங்க."

நான் அழவில்லை. கண் வீங்கியிருந்தது மூன்று நாள் நித்திரை இல்லாததால்.

"வந்திச்சா?"

மறுநாள் காலை மதில் பள்ளத்தில் ஒரு பீரிசு நிறைய மீன் இருந்தது. கங்காணி மணம் பிடித்து வருமாம். அதற்கடுத்த நாளும் இருந்தது. அந்த வருடம் ஒரு சாளை மீனின் விலைக்கு ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். நசீரா தன் பங்கிலிருந்து வைத்தார். மகன் காசு அனுப்பாத மாதங்களில் கருவாட்டுத் தலையை ஊறவைத்து வைத்தார். நான்கு வருடமாக வைக்கிறார்.

அந்த மீனுக்குக் கங்காணி வரவில்லை, வேறு பூனைகள் வந்தன. இந்தத் தொடரில் நீங்கள் படித்த பூனைகள் எல்லாம் அப்படி வந்தவைதான். அந்த மதிலில் வைத்துத்தான் நான் பதினொரு பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்வித்தேன். இப்போது அடையாளத்துக்கு அவற்றின் இடது காது நுனியை வைத்தியர் சிறிது வெட்டிவிடுவார். அந்தப் பதினொன்றையும் நானே தனியாகப் பிடித்து, பட்டினி போடும் நேரத்தில் அறைக்குள் வைத்துப் பூட்டி, நானே கொண்டுபோனேன். நசீரா உதவிக்கு வரக் கேட்டபோதெல்லாம் "தேவையில்லை, நான் பாப்பன்" என்றேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

ஒவ்வொரு காலையும் மதிலுக்கு மேலால் ஒரு கேள்வி வரும்.

"வந்திச்சா, கமலாக்கா?"

"இன்னும் இல்லை, நசீரா."

பல நாட்களில் நான் பேசும் முதல் வார்த்தை அந்தப் பொய்தான். சில நாட்களில் அதுதான் கடைசி வார்த்தையும்.

வாசிப்பு

இந்த அத்தியாயத்தை இதுவரைக்கும் எழுதிவிட்டு, ஆசிரியருக்கு அனுப்பவில்லை. தட்டச்சுச் செய்த தாள்களோடு மதிலடிக்குப் போனேன். வழமையாக அச்சில் வந்த பிறகுதானே வாசிப்பது. இன்றைக்கு என்ன முன்னமே என்று கேட்டுக்கொண்டு நசீரா கதிரையை இழுத்துப்போட்டார்.

ஓட்டோ, மான், வைத்தியர் வரைக்கும் சிரித்துக்கொண்டு கேட்டார். 'மீன், இண்டைக்குக் காலையில சாப்பிட்ட மீன்' என்ற இடத்தில் அவருடைய கை முக்காட்டு நுனியைப் பிடித்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க மாட்டேன் என்று தெரியும். எலுமிச்சை மரத்தடி வரைக்கும், அதற்குப் பிறகு சொன்ன பொய் வரைக்கும், ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன்.

தாள்களை மடித்து மடியில் வைத்தேன். நான் முதலில் பேசினேன்.

"பிழை என்ர. நான் உங்களிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேணும்."

அவர் முக்காட்டு நுனியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எத்தின நாள் கிடந்தது?" என்று கேட்டார்.

"மூண்டு நாள்."

"மூண்டு நாளும் நீங்க தனியவா பாத்தீங்க?"

"ஓம்."

"குழியும் தனியவா வெட்டின?"

"ஓம், நசீரா."

பார்வை மங்கிய கண்ணால் மதிலைப் பார்த்தார். கையை நீட்டி அந்த உடைந்த கல்லில் வைத்தார்.

"இதுக்கு அங்கால நான்தானே இருந்தன், கமலாக்கா."

மீனுக்காக அவர் அழுவார், பாவம் என்று பயப்படுவார், நான்கு வருடம் ஏமாற்றிவிட்டாய் என்று ஏசுவார் என்று எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன். இதற்கு யோசித்து வைக்கவில்லை.

"இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாமோ?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது.

"ஒங்கட பூனை, ஒங்கட எழுத்து. இப்பத்தான் என்னைக் கேக்கீங்க" என்றார். "போடுங்க. பேர மாத்திப் போடுங்க." எழுந்து, கதவு நிலையைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் சொன்னபடி அவருடைய பெயரை மாற்றியிருக்கிறேன்.

அடுத்த நாள் காலை மதிலில் பீரிசு இல்லை. கேள்வியும் இல்லை. காது வெட்டின பூனைகள் வரிசையாக மதிலில் ஏறி இருந்துவிட்டு இறங்கிப் போயின. நான் அவற்றுக்குச் சோறு வைத்தேன். அந்த நாள் முழுவதும் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் பேசவில்லை. இரண்டு நாள் என்பது ஊரடங்குக் காலத்து ஒன்பது நாளைவிடக் கூடவாக இருந்தது.

இன்று மூன்றாம் நாள். விறாந்தையில் கூட்டுக்குள் ஒரு கறுப்புப் பெட்டைப் பூனை இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் பிடிபட்டது. நாளைக் காலை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். இன்று இரவு எட்டு மணியோடு சாப்பாட்டை நிறுத்த வேண்டும்.

சற்று முன்னர் மதிலடிக்குப் போனேன். அந்த மதிலில் எப்போதும் அவர்தான் என்னைக் கூப்பிடுவார். நானாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை. குரல் கரகரத்தது. செருமிக்கொண்டு திரும்பக் கூப்பிட்டேன்.

"நசீரா! ஒரு பூனை இருக்குது. விடியுமட்டும் பட்டினி போட வேணும், அது கத்தும். எனக்குத் தனிய இருந்து கேக்க ஏலாது. வாறீங்களோ?"

அந்தப் பக்கத்துக் குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. பதில் வரவில்லை.

நான் உள்ளே போகவில்லை. படலைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இன்னொரு கதிரையையும் கொண்டுவந்து போட்டிருக்கிறேன்.